வழக்கில் வராதவர்கள்

பாரிஸ் மாநகரின் வடபகுதியில், கார் து நோர் புகையிரத நிலையத்துக்கும் லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்கும் இடைப்பட்ட சிறு பரப்பில், ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் மளிகை விற்றும், நகை செய்தும், புடைவைக்கடை நடத்தியும் ஒரு தலைமுறைக்கு மேலாகப் புழங்கிவரும் வீதிகளின் பெயர்ப்பலகைகளை ஒருவர் நின்று நிதானித்து வாசிப்பாராயின், அவற்றுட் சில பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்களின் பெயர்கள் என்பதை அறிந்து சற்றே வியப்படைவார். மரக்கறியும் கருவாடும் வாங்க நாம் நுழைகின்ற கைல் வீதி, செப்புத் தொழிலாளியாகத் தொடங்கிச் சர்க்கரை ஆலை இயந்திரங்களும் புகையிரத எஞ்சின்களும் செய்து பெருஞ்செல்வரான ழான் பிரான்சுவா கைல் என்பவரின் பெயரைத் தாங்கியது. பிலிப் த ஜிரார் வீதி, ஆளிநாரை இயந்திரத்தால் நூற்கும் வழி காண்பவருக்குப் பத்து இலட்சம் பிராங்கு பரிசளிப்பதாக 1810இல் நெப்போலியன் விடுத்த அறிவிப்பை நம்பி, வழியையும் கண்டு, பரிசை மட்டும் காணாமல் ஆஸ்திரியாவுக்கும் பின்னர் போலந்துக்கும் பிழைக்கப் போனவரை நினைவூட்டுவது. அருகே கிடக்கும் பெர்டொனே வீதியோ, 1829இல் தோன்றிய எக்கோல் சந்த்ரால் என்னும் பொறியியற் கல்லூரியில் இருப்புப்பாதையை ஒரு பாடமாகப் பிரான்சில் முதன்முதலிற் கற்பித்து, பின்னாளில் அக்கல்லூரிக்கே தலைவராக விளங்கிய ஓகுஸ்த் பெர்டொனேக்கு உரியது. பிழைப்புத் தேடி நாடுவிட்டுப் போன ஜிராரின் பெயருள்ள வீதியில், நாடுவிட்டு வந்த நம்மவர் நடமாடுவது விதியின் விளையாட்டென்று சொல்லத் தோன்றுகிறது. அது வேறு கதை.

இம்மூவருள் என் சிந்தையை நெடுநேரம் பற்றி நின்றவர் ஆசிரியராகிய பெர்டொனே. தண்டவாளத்தின் சரிவு எவ்வளவு இருக்கலாம், வளைவின் ஆரம் எவ்வளவு குறையலாம், பாலம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பனவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். எழுதியதை மாணாக்கன் மனனஞ்செய்து நாளை ஒரு பாலமும் கட்டிவிடலாம். ஆனால், பாலத்தில் ஒரு சிறு விரிசல் தென்படுகிறது, முதலாளியோ நாளையே திறப்புவிழா என்கிறார், விரிசல் ஆபத்தானதென்று உறுதிகூறவும் இயலவில்லை, ஆபத்தில்லை என்று கையொப்பமிடவும் மனம் ஒப்பவில்லை என்ற நிலையில் அந்த இளைஞன் என்ன செய்யவேண்டும் என்பதைக் கற்பிக்கும் கரும்பலகை எது? முகாமைத்துவம் என்று ஈழத்தாரும் மேலாண்மை என்று தமிழகத்தாரும் வழங்கும் துறை இன்று பொறியியல் மாணாக்கர்க்கும் பாடமாகிவிட்டது. அதனைச் சூத்திரங்களாக ஓதுவிப்பதைவிட, நடந்த நிகழ்ச்சி ஒன்றை அவர்கள் முன் வைத்து, அவ்விடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கற்பிக்கும் நிகழ்வாய்வு முறையே சிறந்ததென்ற கொள்கையும் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. இதனைக் கல்விமுறை பற்றிய சிறு சர்ச்சையென்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. அறிவைச் சொல்லிக் கொடுக்கலாம், விவேகத்தைச் சொல்லிக் கொடுக்கலாகுமா என்று நம் முன்னோர் பலகாலம் கேட்டுவந்த வினாவையே அவ்வகுப்பறைகளும் கேட்கின்றன.

பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரின் வாழ்விலிருந்தே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். முகாமைத்துவ சாஸ்திரத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் பின்னர் புகழ்பெற்ற ஹென்றி ஃபயோல், இருபது வயது நிரம்புமுன்னரே கொமாந்திரி நிலக்கரிச் சுரங்கத்திற் பொறியாளராகச் சேர்ந்தவர். 1861ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாட் காலை, சுரங்கத்தின் ஆழத்தில் வேலைசெய்த குதிரையொன்று காலொடிந்து வீழ்ந்தது. மாற்றுக் குதிரை வேண்டுமென்று ஃபயோல் எழுதிய சீட்டை லாயக்காரன் ஏற்க மறுத்தான். அதில் இயக்குநரின் கையொப்பம் இல்லை என்பது அவன் சொன்ன காரணம். இயக்குநர் அன்று ஊரில் இல்லை. அவர் இல்லாத வேளையில் அவர் பொறுப்பைத் தாங்க ஒருவரும் நியமிக்கப்பட்டிருக்கவும் இல்லை. எவ்வளவு மன்றாடியும் லாயக்காரன் அசையவில்லை. தனக்கிட்ட கட்டளை அதுவே என்றான். குதிரை வராமலே அந்தத் தளத்தின் வேலை நின்றுபோயிற்று.

லாயக்காரன் செய்தது சரியா? இவ்வினாவை ஒரு வகுப்பிலே கேட்டால், முதல் ஐந்து நிமிடங்களில் அனைவரும் அவனை மூடனென்பர். சற்றுப் பொறுத்து, ஒரு மாணாக்கராவது எழுந்து, கையொப்பமில்லாத சீட்டுக்கு அவன் குதிரையைக் கொடுத்திருந்து, அக்குதிரைக்கும் தீங்கு நேர்ந்திருந்தால் கூலி இழந்திருப்பவன் யார் என்று கேட்பார். விதியை மீறும் உரிமை, மீறியபின் பாதுகாப்பும் உடையவனுக்கே உண்டு; அது அவனுக்கு இல்லை. ஆகவே குற்றம் லாயத்திலிருந்து மெல்ல நகர்ந்து, ஊரில் இல்லாத இயக்குநரின் நாற்காலியைச் சென்றடைகிறது. ஃபயோலும் அவ்வாறே கண்டார். தலைமையின் பிரதிநிதி ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும் என்ற பாடத்தை அந்தக் குதிரையிடமிருந்து அவர் கற்றுக்கொண்டார். 1916இல் வெளியான தம் நூலில் பதினான்கு கோட்பாடுகளை வகுத்த அவர், அவை இறுகியவை அல்ல, எவ்வளவு என்ற அளவறிதலே முகாமைத்துவத்தின் கடினமான கலை என்றும் எச்சரித்தார். பொறியியற் கல்லூரிகள் கணிதத்தையே அளவின்றிப் புகட்டி ஆளுங்கலையை அறவே விட்டுவிட்டன என்று குறைப்பட்டுக்கொண்டார். கோட்பாடுகளைப் பிற்காலத்தார் பாடநூல்களில் ஏற்றிக்கொண்டனர். எச்சரிக்கையைப் பெரும்பாலோர் ஏற்றிக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில், ஹார்வார்டுச் சட்டப்பள்ளியில் 1870இல் லாங்டெல் என்பவர் தீர்ப்புகளை வைத்துச் சட்டம் கற்பிக்கத் தொடங்கியதும், 1908இல் தோன்றிய அதே பல்கலைக்கழகத்தின் வணிகப்பள்ளி அம்முறையைத் தனதாக்கிக் கொண்டதும், அதன் துணையோடு 1961இல் அகமதாபாத்தில் எழுந்த முகாமைத்துவ நிறுவனம் இந்தியாவுக்கு அதைக் கொணர்ந்ததும் அறிந்தோர் அறிந்தனவே. ஹார்வார்டு வணிகப்பள்ளியில் பணியாற்றிய சார்ல்ஸ் கிராக் என்பவர் 1940இல் எழுதிய கட்டுரையொன்று, விவேகத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பதையே தன் தலைப்பாகக் கொண்டிருந்தது.

இம்முறை நமக்குப் புதியதா? காஞ்சியிலே அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் உரைத்தபோது, பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியதோடு நில்லாமல், திட்டாந்தம் போலத் தோன்றிப் பிழைபடும் போலிகளையும் வகைவகையாக எடுத்துரைத்தார் என்பதை அக்காப்பியம் கற்றோர் அறிவர். எடுத்துக்காட்டு, வாதத்தின் மேல் தூவப்படும் அலங்காரமன்று. அது இல்லையேல் வாதமே நிறைவுறாது என்பது அக்காலத்துக் கொள்கை. மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களாலும் 39 அதிகரணங்களாலும் அமைத்து, ஒவ்வொன்றிலும் மேற்கோளும் ஏதுவும் கூறி, உதாரண வெண்பாக்களால் அவற்றை விளங்கவைத்தார். வேடரிடையே வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசகுமாரனை, தந்தை வந்து நீ என் மகன் என்று உணர்த்தும் அந்த எட்டாஞ்சூத்திரத்து நிகழ்ச்சியைவிட, உயிரும் குருவும் பற்றிய எந்த இலக்கணமும் சைவர் நெஞ்சில் ஆழப் பதிந்ததில்லை.

அதிகரணம் என்ற அமைப்பு மீமாம்சகர் தந்தது. விஷயம், சம்சயம், பூர்வபட்சம், சித்தாந்தம், சங்கதி என ஐந்து அங்கங்கள் கொண்ட அவ்வமைப்பில் என் மனம் பெரிதும் ஈடுபடுவது இரண்டாம் அங்கத்தில். ஐயம் எழாத இடத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று அவர்கள் துணிந்து கூறினர். வகுப்பறையில் ஐயத்தை மாணாக்கனின் பலவீனமாகக் கருதி விரைந்து நீக்க முயலும் நம் ஆசிரியர்களுக்கு, ஐயத்தை ஓர் அங்கமாகவே வைத்துப் போற்றிய அப்பெரியோர் விசித்திரமானவர்களாகத் தோன்றக்கூடும். மூன்றாம் அங்கமாகிய பூர்வபட்சமும் எளியதன்று. எதிராளியின் கட்சியை, அவனே கேட்டு மகிழும் வண்ணம், முழுவலிமையோடு எடுத்துரைத்த பின்னரே அதனை மறுக்கும் தகுதி ஒருவனுக்கு வருகிறது. லாயக்காரனுக்காக வாதாடத் தெரியாத மாணாக்கன், அவனைக் குறைகூறத் தகுதியற்றவன்.

எனினும் ஓர் இடர்ப்பாடு உளது. அதனை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. புகை கண்டு மலையில் நெருப்புண்டெனத் துணிகிறவன் அடுக்களையை எடுத்துக்காட்டும்போது, அடுக்களை பொதுவிதிக்கு ஒரு சாட்சியாக வந்து பணிந்து நிற்கிறது. அறத்திலோ எடுத்துக்காட்டு பணிவதில்லை. பொதுவிதியை அது எதிர்த்துக் கேள்வி கேட்கிறது. பெரியபுராணம் அறுபத்துமூன்று அடியார்களின் வாழ்வைக் கூறுகிறது. கண்ணப்பரைப் பார்த்து இறைவன் மேனியிற் செருப்புக்காலை வைப்பாரும், சிறுத்தொண்டரைப் பார்த்து மகவை அரிவாரும் தோன்றினால் அவர்களை அடியாரென்று சைவ உலகம் கொண்டாடாது. பின்பற்றுதற்கு உரியதல்லாத ஒரு நிகழ்ச்சியை ஏன் நூற்றாண்டுகளாகக் கோயில் தோறும் படித்துப் பொருள் கூறிவந்தோம்? பின்பற்றுவதற்காக அல்லவென்றால், வேறெதற்காக?

இதற்கு விடை தேடும்போது, அந்நூலின் தொடக்கத்திலேயே வரும் திருவாரூர் வழக்கை நான் எப்போதும் நினைப்பதுண்டு. அரசகுமாரன் தேர் ஏறிச் செல்கையில் பசுங்கன்று ஒன்று துள்ளிவந்து ஆழியில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தது. அமைச்சர்கள் அறியாதவர்கள் அல்லர். கன்று தானே வந்து விழுந்தது என்றனர், சாஸ்திரத்தில் இதற்குப் பிராயச்சித்தம் விதித்திருக்கிறது என்றனர். என் மகன் செய்த கொலைக்குக் கழுவாயும், பிறன் செய்த கொலைக்கு மரண தண்டனையும் விதிப்பது எந்த அறம் என்று அரசன் கேட்டான். மகன்மேல் தேரைச் செலுத்துக என்ற அவனது கட்டளையை நிறைவேற்றுமாறு ஏவப்பட்ட அமைச்சன், கட்டளைக்கும் மனச்சாட்சிக்கும் நடுவே நசுங்கித் தன் உயிரை விட்டான். அரசன் தானே தேரைச் செலுத்தினான். வீதிவிடங்கப் பெருமான் எழுந்தருளிக் கன்றையும் குமாரனையும் அமைச்சனையும் எழுப்பியருளினார் என்று கதை முடிகிறது. அமைச்சனைப் பற்றி நம் மேடைகளில் எவரும் பேசுவதில்லை; எனக்கோ அவனே அந்த வழக்கின் நடுநாயகமாகத் தோன்றுகிறான், ஏனெனில் பணியாற்றும் பொறியாளர் பெரும்பாலோர் நிற்கும் இடம் அரசனுடையதன்று, அவனுடையதே. ஆயினும் அவனையும் கடந்து என் மனத்தைத் தைப்பது வாயிலில் தொங்கிய அந்த மணி. வாயில்லாத ஒரு பிராணி வழக்காளியாக வந்து நிற்பதற்கு முன்னரே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. மணியில்லாதிருந்தால் அமைச்சர்களின் பிராயச்சித்தமே தீர்ப்பாகியிருக்கும். எவரும் அதனைப் பிழையென்று கூறியிருக்கமாட்டார்.

அமைச்சர்கள் செய்த காரியத்துக்குப் பாரிசில் ஒரு பெருஞ்சரித்திரம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில், பாவமன்னிப்புக் கேட்டு வருவோரின் தனித்தனி நிலைமைகளை ஆராய்ந்து தீர்ப்புரைக்கும் கலையில் இயேசு சபைத் துறவியர் வல்லுநராயிருந்தனர். வறுமையால் திருடியவனையும் பேராசையால் திருடியவனையும் ஒரே துலாக்கோலில் நிறுக்கக் கூடாது என்ற கருணையிற் பிறந்த அக்கலை, நாளடைவில் மதிப்புள்ள ஒரு பண்டிதரின் ஆதரவு இருந்தால் அதற்கு மாறான கருத்தே வலிதாயினும் விரும்பியதைச் செய்யலாம் என்ற எல்லைவரை போயிற்று. 1656 ஜனவரி முதல் 1657 மார்ச் வரை, புனைபெயரில் பிளேஸ் பஸ்கால் எழுதிய பதினெட்டுக் கடிதங்கள் அக்கலையை நகையாடித் தகர்த்தன. பஸ்கால் முழு நியாயம் செய்தாரென்று நான் கருதவில்லை. மிக மோசமான தீர்ப்புகளைப் பொறுக்கியெடுத்துக் காட்டிய அவர், ஏழைக் குடியானவனுக்கு அக்கலை அளித்த ஆறுதலைக் காணாமல் விட்டார். ஆனால் அவர் இட்ட கத்தி கூர்மையானது. நிகழ்ச்சிகளை நுணுகி ஆராயும் பயிற்சி விவேகத்தை வளர்க்கும் அளவுக்குச் சமாதானம் கூறும் சாமர்த்தியத்தையும் வளர்க்கிறது. வகுப்பறையில் நூறு வழக்குகளைப் பேசிப்பழகிய இளைஞன், நூற்றோராவது வழக்கில் தனக்கு வேண்டிய விடைக்கு ஒரு காரணத்தை எளிதிற் கண்டெடுப்பான்.

அதே பஸ்கால் ஒரு தொழில்முயற்சியையும் நடத்தினார் என்பது பலர் நினைவில் இல்லை. குறித்த வழியில், குறித்த நேரத்தில், ஐந்து சோல் கட்டணத்துக்கு எவரும் ஏறிச் செல்லலாம் என்ற பொதுவண்டித் திட்டம் அவர் சிந்தனையிற் பிறந்து, 1662 மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் வீதிகளில் ஓடத் தொடங்கியது. தமக்கு வரும் இலாபத்தில் புளுவா நகரத்து ஏழைகளுக்கு உதவ அவர் விரும்பியிருந்தார். திட்டத்துக்கு அனுமதியளித்த பாரிஸ் நீதிமன்றமோ, போர்வீரரும் ஏவலரும் உடலுழைப்பாளரும் அவ்வண்டிகளில் ஏறலாகாது என்று தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் பஸ்கால் காலமானார். ஏழைக்காக நடந்த வண்டியில் ஏழை ஏறமுடியாது போயிற்று. தடையை எதிர்த்து வண்டிகளை நிறுத்திவிடுவதா, தடையை ஏற்று ஓட்டி வரும் இலாபத்தால் பசித்தோர்க்கு உணவளிப்பதா? சமாதானம் கூறுவோரைச் சாடியவரின் வண்டியே அத்தகைய ஒரு சமாதானத்தின்மேல் ஓடவேண்டியதாயிற்று.

கைலின் வாழ்க்கையையும் ஒரு பாடமாக எழுதலாம். தெரோன் என்ற தம் கூட்டாளியுடன் அவர் செய்த சர்க்கரை இயந்திரங்கள் கரீபியத் தீவுகளுக்கும் ரீயூனியனுக்கும் கப்பலேறின. பெரிய இயந்திரம் இடைவிடாத கரும்பைக் கேட்கும். கரும்பு ஆட்களைக் கேட்கும். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், அந்த ஆட்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் திரட்டப்பட்டனர். 1853இல் மார்த்தினிக்கிலும், மறு ஆண்டு குவாதலூப்பிலும் அவர்களின் முதற்கப்பல்கள் கரைசேர்ந்தன. அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். வணிகப்பள்ளி ஒன்று இந்நிகழ்ச்சியை எழுதுமாயின், முதல் வரியில் கைல் தம் மேசை முன் அமர்ந்து, உற்பத்தியைப் பெருக்குவதா, எஞ்சின் தொழிலுக்கு மாறுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார். மாணாக்கனும் அந்த நாற்காலியில் அமர்ந்தே யோசிப்பான். கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்கள் அந்தப் பாடத்தில் ஒரு செலவுக் கணக்காக மட்டும் வருவார்கள். நிகழ்வாய்வு முறையின் மூலக்குறை இதுவே என்பது என் துணிபு. யாருடைய நாற்காலியிலிருந்து நிகழ்ச்சி சொல்லப்படுகிறது என்பதிலேயே தீர்ப்பின் பாதி முடிந்துவிடுகிறது. எஞ்சிய பாதியைத்தான் மாணாக்கர் விவாதிக்கின்றனர்.

பொறியியல் முகாமைத்துவ வகுப்புகளில் உலகெங்கும் மிகுதியாகப் பேசப்படும் நிகழ்ச்சி சாலஞ்சர் விண்கலத்தினுடையது. 1986 ஜனவரி 27ஆம் நாள் இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்று அஞ்சி ஏவுதலைத் தள்ளிவைக்கச் சொன்ன பொறியாளர்களின் தலைவரை நோக்கி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளர் தொப்பியை அணியுமாறு மேலதிகாரி கூறியதும், அவர் இணங்கியதும், மறுநாள் எழுந்த கலம் 73ஆவது விநாடியில் சிதைந்து எழுவர் மாண்டதும் விசாரணைக் குழுவின் ஏடுகளில் உள்ளன. மாணாக்கர் இரு தொப்பிகளைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பர். அன்றிரவு நடந்த அந்தச் சர்ச்சை, கலத்தில் ஏறவிருந்த எழுவருக்கும் தெரிவிக்கப்படவே இல்லை என்பதை எத்தனை வகுப்புகள் கேட்டிருக்கும்? அவர்களுக்கு ஒரு மணி கட்டப்பட்டிருக்கவில்லை.

லா சப்பலில் நம் பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் பயில்கின்றனர். பஜோல் வீதியில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் கோடை முடியும் தறுவாயில் அங்கிருந்து தேர் புறப்பட்டுச் சுற்றுவீதிகளில் உலா வருகிறது, வழிநெடுகச் சிதறுதேங்காய் உடைகிறது, பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். காவற்றுறையின் அனுமதி, தேரின் பாரம், வளைவுகள், கூட்டத்தின் நெரிசல், தண்ணீர், முதலுதவி என்று அதனுள் பொறியியலும் முகாமைத்துவமும் நிரம்பிக் கிடக்கின்றன. ஒரு மாணாக்கர் அதனை அறங்காவலரின் நாற்காலியிலிருந்து எழுதினால் ஒரு நல்ல பாடம் கிடைக்கும். தேங்காய் ஓடுகளைப் பெருக்க வரும் நகரத் தொழிலாளியின் இடத்திலிருந்தும், அவ்வீதியில் மாடியில் வாழும் நோயுற்ற முதியவளின் இடத்திலிருந்தும் எழுதினால் அதே நிகழ்ச்சி வேறொரு பாடமாகும். பக்திக்கு அதனால் ஒரு குறையும் வாராது, தேர் செல்லும் வழியும் நேரமும் இன்னும் கவனமாக வகுக்கப்படும்.

பல்கலைக்கழகங்களிலே இத்துறையைக் கற்பிக்கும் ஆசிரியர்களை, அவர்கள் பிரெஞ்சுக்காரராயினும் தமிழராயினும், நான் வேண்டிக்கொள்வது இதுதான்: நிகழ்ச்சிகளை வைத்தே கற்பியுங்கள், சூத்திரங்களுக்குத் திரும்பவேண்டாம், ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், இதில் கருத்துக் கேட்கப்படாதவர் யார், அவர் கேட்கப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற வினாவைக் கட்டாய வினாவாக இடுங்கள், மற்றெல்லா வினாக்களுக்கும் நிறைந்த விடையெழுதி இதனை மட்டும் வெறுமையாக விட்டவருக்குத் தேர்ச்சி வழங்காதீர்கள்.